நிலா மண்ணுக்குள் பூட்டிக்கிடக்கும் ஆக்ஸிஜன்... சாவி எது?

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கும் சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய இரண்டு ஊர்களையும் இஸ்ரோ விஞ்ஞானிகளுக்கு நன்றாகத் தெரியும். காரணம், அங்கே கிடைக்கும் வெளிறிய நிறப் பாறை. புவியியலாளர்கள் அதை 'அனார்த்தோசைட்' என்கிறார்கள். பூமியில் எல்லா இடங்களிலும் கிடைத்துவிடாத பாறை இது. ஆனால், நிலாவின் மேட்டு நிலங்கள் பெரும்பாலும் இதனால் ஆனவை. இரவில் அண்ணாந்து பார்க்கும்போது நிலாவில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும் பகுதிகள் எல்லாம், ஒரு வகையில் சித்தம்பூண்டிப் பாறைக்குச் சொந்தக்காரர்கள்தாம்.

சந்திரயான்-2 லேண்டரும் ரோவரும் நிலாவுக்குப் போவதற்கு முன் பூமியிலேயே ஒத்திகை பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு நிலா மண் வேண்டுமே? சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியல் துறையின் உதவியோடு இந்தப் பாறையை டன் கணக்கில் வெட்டியெடுத்து, பொடியாக அரைத்து, பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். செயற்கை நிலா மண் தயாரிக்கும் இந்த முறைக்கு 2020-ல் இஸ்ரோவுக்குக் காப்புரிமையும் கிடைத்தது.

இதுவரை பலரும் கேள்விப்பட்ட கதை. அதிகம் பேசப்படாத விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பாறையில் பெரும்பகுதியாக இருக்கும் 'அனார்த்தைட்' என்ற கனிமத்தின் எடையில் 46 சதவிகிதம் ஆக்ஸிஜன். கிட்டத்தட்ட பாதி! நிலா மண்ணுக்கும் இதே கணக்குதான். எந்த மூலையில் அள்ளினாலும் அதன் எடையில் 40 முதல் 45 சதவிகிதம் வரை ஆக்ஸிஜன் இருக்கும். காற்றே இல்லாத நிலாவில், காலடி மண் முழுக்க ஆக்ஸிஜன்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஒரு கன மீட்டர் நிலா மண் தோராயமாக ஒன்றரை டன் எடை இருக்கும். அதில் 600 கிலோவுக்கும் மேல் ஆக்ஸிஜன். ஒரு மனிதர் ஒரு நாளைக்குச் சுவாசிப்பது சுமார் 840 கிராம். அப்படியென்றால், ஒரு சின்ன தண்ணீர்த் தொட்டி அளவு மண், ஒருவருக்கு ஏறக்குறைய இரண்டு வருடங்களுக்கான மூச்சு.

பிறகு என்ன, அள்ளிக்கொள்ள வேண்டியதுதானே என்றால்... அங்கேதான் சிக்கல்.

துருப்பிடித்த ஆணியை மூச்சுவிட முடியுமா?

2021-ல் நாடு முழுக்க ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு அலைந்த நாள்களை யாரும் மறந்திருக்க மாட்டோம். அப்போது இரவு பகலாக இயங்கிய பெரிய ஆக்ஸிஜன் ஆலைகள் எல்லாமே ஒரே வேலையைத்தான் செய்தன. காற்றைக் கடுமையாகக் குளிரவைத்து, திரவமாக்கி, அதிலிருந்து ஆக்ஸிஜனைத் தனியே பிரிப்பது. மூலப்பொருள் காற்று. அதில் ஆக்ஸிஜன் ஏற்கெனவே சுதந்திரமாகத் திரிகிறது, பிடித்து அடைத்தால் போதும். சர்வதேச விண்வெளி நிலையத்தில் தண்ணீரை மின்சாரத்தால் பிளந்து ஆக்ஸிஜன் எடுக்கிறார்கள். அதுவும் ஓரளவு சுலபமான வேலைதான்.

நிலா மண்ணில் இருக்கும் ஆக்ஸிஜன் அப்படிப்பட்டதல்ல. அது சிலிக்கான், அலுமினியம், கால்சியம், இரும்பு, மெக்னீசியம், டைட்டானியம் ஆகியவற்றோடு ஆக்ஸைடாகக் கைகோத்துக் கிடக்கிறது. துருப்பிடித்த ஆணியிலும் ஆக்ஸிஜன் இருக்கத்தான் செய்கிறது. ஆனால், அதை யாரும் சுவாசிக்க முடியாதே! அந்தப் பிணைப்பை உடைக்க வேண்டும். உடைக்க வெப்பம் வேண்டும், அல்லது மின்சாரம் வேண்டும். பெரும்பாலான நேரம் இரண்டுமே வேண்டும்.

எல்லா ஆக்ஸைடுகளும் ஒரே அளவு பிடிவாதம் பிடிப்பதில்லை. இரும்பு கொஞ்சம் தட்டினாலே ஆக்ஸிஜனை விட்டுவிடும். சிலிக்கான் அதைவிடக் கெட்டி. அலுமினியமும் கால்சியமும் உடும்புப்பிடி. நாமக்கல் பாறையில் அதிகம் இருப்பது எது? கால்சியமும் அலுமினியமும் சிலிக்கானும்தான். இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மூச்சுக்கு மட்டும்தானா?

நிலாவில் ஆக்ஸிஜன் என்றதும் நம் மனதில் வருவது விண்வெளி வீரர்களின் மூச்சுதான். உண்மையில், விண்வெளி நிறுவனங்கள் இதில் இவ்வளவு ஆர்வம் காட்டுவதற்கு முக்கியமான காரணம் ராக்கெட்.

எரிவதற்கு ஆக்ஸிஜன் வேண்டும். விண்வெளியில் காற்று கிடையாது என்பதால், ராக்கெட் தனக்கான ஆக்ஸிஜனைத் தானே சுமந்துகொண்டு போகிறது. திரவ ஹைட்ரஜனை எரிக்கும் கிரையோஜெனிக் இன்ஜின்களில், ஹைட்ரஜன் ஒரு கிலோ என்றால் ஆக்ஸிஜன் ஐந்து முதல் ஆறு கிலோ. மீத்தேனை எரிக்கும் இன்ஜின்களிலும் மொத்த எடையில் முக்கால்வாசிக்கு மேல் ஆக்ஸிஜன்தான். 'எரிபொருள்' என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பெரும்பங்கு எரிபொருளே அல்ல, அதை எரியவைக்கும் ஆக்ஸிஜன்.

இந்தச் சுமைக்கு என்ன விலை என்பதை அப்போலோ காட்டியது. சாட்டர்ன்-5 ராக்கெட் தரையிலிருந்து கிளம்பும்போது அதன் எடை ஏறக்குறைய 2,900 டன். நிலாவில் இறங்கிய லூனார் மாட்யூலின் எடை சுமார் 15 டன். அந்த 15 டன்னிலும் பாதிக்கு மேல், இறங்கும்போதே எரிந்து தீர்ந்துபோன எரிபொருள். ஊருக்குத் திரும்பி வருவதற்கான பெட்ரோலையும் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு கிளம்பும் கதைதான் இது. போகிற ஊரில் ஒரு பங்க் இருந்தால் எவ்வளவு நிம்மதி! நிலா மண் ஆராய்ச்சியின் கனவு அந்த பங்க்தான்.

முதல் சாவி: ஹைட்ரஜன்

இருப்பதிலேயே எளிய வழி இது. நிலாவின் கரும்பகுதிகளில் 'இல்மனைட்' என்ற கனிமம் உண்டு. இரும்பும் டைட்டானியமும் ஆக்ஸிஜனும் சேர்ந்தது. நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கிறதே, அதே இல்மனைட். இதைச் சுமார் 900 முதல் 1,000 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி ஹைட்ரஜன் வாயுவைச் செலுத்தினால், இரும்போடு இருக்கும் ஆக்ஸிஜனை ஹைட்ரஜன் இழுத்துக்கொண்டு நீராவியாக வெளியே வரும். நீரைப் பிளந்தால் ஆக்ஸிஜன் நமக்கு. ஹைட்ரஜன் மறுபடி அடுப்புக்கு.

அப்போலோ வீரர்கள் கொண்டுவந்த நிஜ நிலா மண்ணிலேயே 1990-களில் நாசா விஞ்ஞானிகள் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். 2008-ல் ஹவாய் தீவின் மௌனா கியா எரிமலைச் சரிவில், சக்கரம் கட்டிய மாதிரி இயந்திரங்களை நிறுத்தி எரிமலை மண்ணில் ஓட்டியும் பார்த்தார்கள். வேலை செய்தது.

ஆனால் மகசூல்? இரும்பு அதிகமுள்ள மண்ணில் எடையில் 5 சதவிகிதம் வரை கிடைத்தது. மேட்டு நில மண்ணிலோ ஒரு சதவிகிதத்தை ஒட்டித்தான். அதாவது, ஒருவரின் ஒரு நாள் மூச்சுக்கு 80 கிலோவுக்கும் மேல் மண்ணைத் தோண்டி, வறுத்து, கொட்ட வேண்டும்.

இப்போது அந்த நாமக்கல் விவரத்துக்கு வருவோம். எல்லா நாடுகளும் இறங்க ஆசைப்படுவது நிலாவின் தென் துருவத்தில். அங்கே கறுப்பு இல்மனைட் மண் இல்லை. இருப்பது வெள்ளை அனார்த்தோசைட் மண். 2023 ஆகஸ்ட் 23-ல் தென் துருவப் பகுதியை நோக்கி இறங்கிய சந்திரயான்-3, அதைத் தன் கையாலேயே தொட்டுப் பார்த்துச் சொன்னது. பிரக்யான் ரோவர் நூறு மீட்டர் சொச்சம் ஊர்ந்து, 23 இடங்களில் மண்ணைப் பரிசோதித்தது. முடிவு, அனார்த்தோசைட் வகைப் பாறைப்பொடி. ரோவரின் லேசர் கருவி கண்டுபிடித்த தனிமங்களின் பட்டியலிலும் அலுமினியம், கால்சியம், சிலிக்கானோடு ஆக்ஸிஜனும் இருந்தது. சல்ஃபர் கிடைத்ததுதான் அன்று தலைப்புச் செய்தியானது. ஆக்ஸிஜனைக் கிட்டத்தட்ட யாரும் கண்டுகொள்ளவில்லை!

ஆக, எளிய சாவி பொருந்தும் பூட்டு ஓரிடத்தில் இருக்கிறது. மனிதர்கள் குடியேற நினைப்பது இன்னோர் இடத்தில்.

உப்புக் குளியல்

பிடிவாதமான ஆக்ஸைடுகளையும் உடைக்கும் வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது, நெதர்லாந்தின் நார்ட்வைக் நகரில் இருக்கும் ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் நடப்பது. இதன் கதை நிலாவில் தொடங்கவில்லை, டைட்டானியத்தில் தொடங்கியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃப்ரே, ஃபார்திங், சென் ஆகிய மூவரும், டைட்டானியம் ஆக்ஸைடிலிருந்து உலோகத்தைப் பிரிக்க ஒரு புது வழியை 2000-ல் வெளியிட்டார்கள். கால்சியம் குளோரைடு உப்பை உருக்கி, அதில் ஆக்ஸைடை முக்கி, மின்சாரம் செலுத்துவது. உலோகம் ஒரு பக்கம் நிற்க, ஆக்ஸிஜன் உப்பு வழியாக நகர்ந்து எதிர்மின்முனைக்கு மாறாக நேர்மின்முனையில் போய்ச் சேரும். பிரிட்டனின் மெட்டாலிசிஸ் நிறுவனம் இதைத் தொழிலாக்கியது. அவர்களுக்குத் தேவை உலோகம்தான். வெளியேறும் ஆக்ஸிஜன் வெறும் கழிவு.

அந்தக் கழிவுதான் நமக்கு வேண்டியது என்று கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வு மாணவி பெத் லோமாக்ஸும் அவருடைய குழுவினரும் யோசித்தார்கள். செயற்கை நிலா மண்ணை ஓர் உலோகக் கூடையில் போட்டு, 950 டிகிரி செல்சியஸில் உருகிய உப்புக்குள் இறக்கினார்கள். இந்த வெப்பத்தில் மண் உருகாது, திடமாகவே இருக்கும். மின்சாரம் பாயப் பாய ஆக்ஸிஜன் கழன்றுகொண்டே வரும். 50 மணி நேரத்தில் மண்ணிலிருந்த ஆக்ஸிஜனில் 96 சதவிகிதம் நீங்கியது. அதில் முக்கால்வாசி, முதல் 15 மணி நேரத்திலேயே போய்விட்டது. கூடையில் மிஞ்சியது மண் அல்ல, உலோகக் கலவைத் தூள்!

இந்த முறையில் அலுமினியம், கால்சியம் என்ற பாகுபாடு இல்லை. எந்த மண்ணைப் போட்டாலும் வேலை நடக்கும். தென் துருவத்து வெள்ளை மண்ணும் சரி. 2020 ஜனவரியில் நார்ட்வைக்கில் இதற்கென்றே ஒரு மாதிரி ஆக்ஸிஜன் ஆலை இயங்கத் தொடங்கியது. மிஞ்சும் உலோகத்தை வீணாக்காமல் முப்பரிமாண அச்சில் உதிரிப்பாகம் செய்யலாமா என்றும் பார்க்கிறார்கள். அடுத்தகட்டமாக, நிலாவிலேயே ஒரு சின்ன கருவியை இறக்கி 50 முதல் 100 கிராம் ஆக்ஸிஜன் எடுத்துக் காட்ட வேண்டும் என்பது ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் இலக்கு. அதுவும் சுமார் பத்து நாள்களுக்குள். ஏன் பத்து நாள்? நிலாவில் பகல் ஏறக்குறைய இரண்டு வாரம்தான். சூரியன் மறைவதற்குள் வேலையை முடித்தாக வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. அந்த உப்பைப் பூமியிலிருந்து கொண்டுபோக வேண்டும். மண்ணோடு ஒட்டிக்கொண்டு வெளியேறும் உப்பைக் கழுவி மீட்க வேண்டும். நிலாவில் கழுவத் தண்ணீருக்கு எங்கே போவது?

லேசர் அடுப்பும் எரிமலைக் குழம்பும்

நாசா அதிகம் நம்பும் வழி கார்பன். இது புதிய யோசனையும் அல்ல. மனிதன் நிலாவில் கால் வைப்பதற்கு முன்பே, 1960-களில், ஏரோஜெட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பொறியாளர்கள் இதைச் சோதித்தார்கள். மண்ணை 1,600 டிகிரிக்கு மேல் உருக்கி அதன்மீது மீத்தேன் வாயுவைச் செலுத்தினால், மீத்தேனில் இருக்கும் கார்பன் மண்ணின் ஆக்ஸிஜனைப் பறித்துக்கொண்டு கார்பன் மோனாக்ஸைடாக வெளியேறும். சிலிக்கானிடமிருந்துகூடப் பறித்துவிடும் என்பது இதன் பலம். அந்த வாயுவை மீண்டும் ஹைட்ரஜனோடு சேர்த்தால் நீரும் மீத்தேனும் கிடைக்கும். நீரைப் பிளந்து ஆக்ஸிஜன் எடுத்துக்கொள்ளலாம். மீத்தேன் திரும்பவும் உலைக்குப் போகும்.

2023-ல் ஹூஸ்டனில் இருக்கும் நாசாவின் ஜான்சன் விண்வெளி மையத்தில், நிலாவைப் போலவே வெற்றிடமாக்கப்பட்ட ஒரு பெரிய அறைக்குள் இதைச் செய்து காட்டினார்கள். நிலாவில் சூரிய ஒளியைக் கண்ணாடிகளால் குவித்து மண்ணை உருக்குவதுதான் திட்டம். அந்தச் சூரியனுக்குப் பதிலாக அறைக்குள் சக்திவாய்ந்த லேசர். உலையைத் தயாரித்தது சியரா ஸ்பேஸ் நிறுவனம்.

இன்னொரு வழி, உப்பும் வேண்டாம், கார்பனும் வேண்டாம் என்கிறது. மண்ணையே எரிமலைக் குழம்புபோல உருக்கி, நேரடியாக மின்சாரம் செலுத்துவது. ஆக்ஸிஜன் குமிழ்களாக ஒரு முனையில் வரும்; இரும்பு, சிலிக்கான் போன்றவை மறுமுனையில் சேரும். ஜெஃப் பெஸோஸின் புளூ ஆரிஜின் நிறுவனம் இதில் தீவிரமாக இருக்கிறது. செயற்கை நிலா மண்ணிலிருந்து பிரித்த சிலிக்கானை வைத்து சோலார் செல் செய்ததாக 2023-ல் அறிவித்தது. சரி, 1,600 டிகிரி குழம்பை எந்தப் பாத்திரத்தில் வைப்பது? அதற்கு விஞ்ஞானிகள் வைத்திருக்கும் பதில் அழகானது. நடுவில் மட்டும் உருக்குவார்கள். சுற்றிலும் உருகாத மண்ணே பாத்திரம்!

இதிலிருந்து பூமிக்கு ஒரு கிளைக்கதை உண்டு. எம்.ஐ.டி பேராசிரியர் டொனால்ட் சடோவே, நிலா மண்ணிலிருந்து ஆக்ஸிஜன் எடுக்கும் ஆய்வை நாசாவுக்காகச் செய்துகொண்டிருந்தபோது, அதே வழியில் பூமியில் நிலக்கரி இல்லாமல் இரும்பு தயாரிக்கலாமே என்ற எண்ணம் அவருக்குப் பிடிபட்டது. அதிலிருந்து உருவானதுதான் பாஸ்டன் மெட்டல் என்ற நிறுவனம். உலகின் கார்பன் உமிழ்வில் சுமார் 7 சதவிகிதம் எஃகு உற்பத்தியிலிருந்து வருகிறது. 'பூமியில் ஆயிரம் பிரச்னை இருக்க, நிலாவில் போய் எதற்கு மண்ணை வறுக்க வேண்டும்?' என்று கமென்ட் போடுபவர்களுக்கு இந்தத் தகவல்.

கரன்ட் பில் யார் கட்டுவது?

பூமியில் எல்லா முறையும் வேலை செய்கிறது. அப்படியானால் நிலாவில் ஏன் இன்னும் ஒரு கிராம்கூட எடுக்கவில்லை?

முதல் எதிரி, மின்சாரம். இல்மனைட் முறையில் ஒரு கிலோ திரவ ஆக்ஸிஜன் தயாரிக்க, தோண்டுவது முதல் குளிரவைத்துச் சேமிப்பதுவரை எல்லாம் சேர்த்து சுமார் 24 யூனிட் ஆகும் என்று 2025-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் அல்லவா? அந்த 100 யூனிட்டை நிலாவுக்கு அனுப்பினால், நான்கு கிலோ ஆக்ஸிஜன்தான் கிடைக்கும். ஒருவர் ஐந்து நாள் மூச்சுவிடலாம். மூச்சுக்கு இது பெரிய தொகை இல்லை. ஆனால், ராக்கெட்டுக்கு வேண்டியது டன் கணக்கில். வருடத்துக்கு 10 டன் என்று வைத்துக்கொண்டால் 2,40,000 யூனிட். இதைத் தருவதற்கு இன்று நிலாவில் எந்த மின் நிலையமும் இல்லை. இரண்டு வாரம் நீளும் இரவில் சோலார் பேனலும் உதவாது. அதனால்தான் துருவத்து மலை உச்சிகளில் அதிக நாள் வெயில் படும் இடங்களுக்கு இவ்வளவு போட்டி. அதனால்தான் நிலாவில் சிறிய அணு உலை வைப்பதைப் பற்றி நாசா பேசுகிறது.

இரண்டாவது எதிரி, தூசி. பூமியில் மண் துகள்களைக் காற்றும் நீரும் உருட்டி உருட்டி மழுங்கடித்துவிட்டன. நிலாவில் காற்றும் இல்லை, நீரும் இல்லை. கோடிக்கணக்கான வருடங்களாக விண்கற்கள் மோதி நொறுக்கிய அந்தத் துகள்கள், உடைந்த கண்ணாடிச் சில்லுபோலக் கூர்மையானவை. அப்போலோ வீரர்களின் உடைகளை அது அரித்தது, எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டது. அப்போலோ-17-ல் சென்ற ஹாரிசன் ஷ்மிட்டுக்கு அந்தத் தூசியால் மூக்கடைப்பே வந்துவிட்டது. மூன்று நாள் தங்கியவர்களுக்கே இந்த நிலை. ஆக்ஸிஜன் ஆலை வருடக்கணக்கில் இயங்க வேண்டும். உலைக்குள் மண்ணைக் கொட்டும் ஒவ்வொரு முறையும் வால்வைத் திறந்து மூட வேண்டும். அந்த வால்வு இடுக்கில் நாலு துகள் சிக்கினால் போதும், கஷ்டப்பட்டு எடுத்த வாயு வெற்றிடத்தில் கசிந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் உலை எவ்வளவு சூடாகிறது என்பதைவிட, இந்த வால்வு எத்தனை ஆயிரம் முறை தாங்கும் என்பதுதான் திட்டத்தின் தலையெழுத்தை முடிவுசெய்யும் என்று தோன்றுகிறது.

மூன்றாவது எதிரியை யாரும் சட்டென்று யோசிக்க மாட்டார்கள். குமிழ்! நிலாவின் ஈர்ப்புவிசை பூமியில் ஆறில் ஒரு பங்கு. சட்டியில் கொதிக்கும் நீரில் குமிழ்கள் மேலே ஓடி வருவது ஈர்ப்புவிசையால்தான். நிலாவில், அதுவும் கெட்டியான குழம்பில், ஆக்ஸிஜன் குமிழ்கள் மெதுவாகத்தான் நகரும். மின்முனையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் மின்சாரம் பாய்வது தடைபடும். பூமியில் எத்தனை முறை சோதித்தாலும் இதற்கு முழு விடை கிடைக்காது.

செவ்வாயில் எடுத்தாயிற்றே!

வேற்றுக்கோள் ஒன்றில் மனிதர்கள் ஆக்ஸிஜன் தயாரித்தது ஒரே இடத்தில்தான், செவ்வாயில். நாசாவின் பெர்சவரன்ஸ் ரோவருக்குள் இருந்த 'மாக்ஸி' என்ற டோஸ்டர் அளவுப் பெட்டி, 2021 ஏப்ரலில் முதன்முறையாக 5 கிராமுக்குச் சற்று அதிகமான ஆக்ஸிஜனை எடுத்தது. 2023-ல் வேலையை முடிப்பதற்குள் 16 முறை இயங்கி மொத்தம் 122 கிராம். ஆனால், செவ்வாயில் மெல்லியதாகவேனும் காற்று உண்டு. அதில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்ஸைடு. வாயுவை உறிஞ்சி உடைப்பது ஒரு வேலை, பாறையைத் தோண்டி உடைப்பது இன்னொரு வேலை. பக்கத்து வீடான நிலாவில் தாமதமாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மண்ணை ஏன் கட்டி அழ வேண்டும், துருவத்தில்தான் பனிக்கட்டி இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நிலாவில் நீரின் தடயத்தைச் சந்திரயான்-1 காட்டிய அதே 2009-ல், நாசா ஒரு ராக்கெட் பாகத்தைக் கேபியஸ் என்ற பள்ளத்தில் மோதவிட்டு, கிளம்பிய புழுதியில் நீர் இருப்பதை உறுதிசெய்தது. ஆனால், அந்தப் பனிக்கட்டி இருப்பது சூரிய ஒளியே படாத பள்ளங்களில். மைனஸ் 200 டிகிரிக்கும் கீழே. அங்கே இறங்கி, இருட்டில் தோண்ட வேண்டும். எவ்வளவு இருக்கிறது, கட்டியாகவா தூளாகவா என்பதே கைக்குக் கிடைத்த பிறகுதான் தெரியும். 2025 மார்ச்சில், மண்ணைத் துளையிட்டுப் பார்க்க நாசாவின் கருவியைச் சுமந்து சென்ற 'அத்தீனா' லேண்டர், தென் துருவத்துக்கு அருகே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தது. துளைக்கும் கருவி அசைந்து காட்டியது. துளைக்கத்தான் வழியில்லை.

பனிக்கட்டி கிடைத்தால் ஹைட்ரஜனும் சேர்ந்து கிடைக்கும், அது பெரிய லாபம்தான். இருந்தாலும், எங்கே இருக்கிறது என்று தேடவே வேண்டாத பொருள் மண். இறங்கும் இடமெல்லாம் அதுதான்.

சீனா வேறொரு கோணத்தில் பார்க்கிறது. 2020-ல் சாங்'இ-5 கொண்டுவந்த 1,731 கிராம் நிலா மண்ணில் ஒரு துளியை எடுத்துச் சூடாக்கிப் பார்த்தார்கள். சூரியக் காற்று பல கோடி வருடங்களாக மண்ணுக்குள் செருகிவைத்த ஹைட்ரஜனே, மண்ணின் ஆக்ஸிஜனோடு சேர்ந்து நீராக வெளிவந்தது. ஒரு டன் மண்ணுக்கு 50 கிலோவுக்கு மேல் நீர் கிடைக்கலாம் என்று 2024-ல் அறிவித்தார்கள். ஹைட்ரஜனைக்கூட எடுத்துப்போக வேண்டாம் என்பதுதான் இதில் கவரும் அம்சம். இல்மனைட் அதிகமுள்ள கருமண்ணுக்குத்தான் இதுவும் கைகொடுக்கும்.

இந்தியா என்ன செய்கிறது?

2040-க்குள் இந்தியர் ஒருவரை நிலாவில் இறக்குவது என்பது அறிவிக்கப்பட்ட இலக்கு. அதற்கு முன் இரண்டு முக்கியப் பயணங்கள் வரிசையில் இருக்கின்றன. ஜப்பானோடு சேர்ந்து செய்யும் சந்திரயான்-5, தென் துருவத்தில் ஒரு பெரிய ரோவரை இறக்கி, மண்ணைத் துளையிட்டு நீரைத் தேடும். சுமார் 350 கிலோ எடை கொண்ட ரோவர் அது. பிரக்யானின் எடை வெறும் 26 கிலோ. அதற்கு முந்தைய எண் கொண்ட சந்திரயான்-4, நிலா மண்ணைப் பூமிக்கு எடுத்துவரும் பயணம். 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை இதற்கு 2,104 கோடி ரூபாய் ஒதுக்கி ஒப்புதல் அளித்தது.

செயற்கை மண் எவ்வளவுதான் நன்றாக இருந்தாலும், சித்தம்பூண்டிப் பாறையை அரைத்தால் கிடைக்காத ஒன்று நிஜ நிலா மண்ணில் உண்டு. விண்கல் மோதும் சூட்டில் உருகி ஒட்டிக்கொண்ட கண்ணாடித் துகள்கள். உலையில் மண் எப்படி உருகும், வால்வில் எப்படிச் சிக்கும் என்பதை அவையும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. அதனால், சொந்தமாகக் கொஞ்சம் நிஜ மண் கையில் இருக்கும் நாட்டுக்கு இந்த ஆராய்ச்சியில் ஒரு படி முன்னால் நிற்க வாய்ப்பு இருக்கிறது. அமெரிக்காவிடம் அப்போலோ கொண்டுவந்த 382 கிலோ இருக்கிறது. சீனாவிடம் நிலாவின் இரு பக்கத்து மண்ணும் சேர்த்து மூன்றரை கிலோவுக்கு மேல் இருக்கிறது. சந்திரயான்-4 கொண்டுவரத் திட்டமிட்டிருப்பது சுமார் 3 கிலோ. அதிலும் ஒன்றேகால் கிலோ ஆக்ஸிஜன்தான்.